தள்ளி வைப்பதா, ஃபில்டர் போடுவதா?

ஒரே இடத்தில் இரண்டு பேர் அமெச்சூர் ரேடியோ (ஹாம்) இயக்குகிறார்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆன்டெனா. ஒன்றில் 100 வாட் அனுப்பினால் மற்றதில் கேட்கும் ரிசீவர் செவிடாகிவிடுகிறது. இடையே 40 டெசிபல் தடுப்பு இருந்தாலும், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கடந்தாலும், 10 மில்லிவாட் உள்ளே வந்துவிடும். மைக்ரோவோல்ட்டில் கேட்கப் பழகிய ரிசீவருக்கு அது இடி மாதிரி.

முதல் வழி, தள்ளி வைப்பது. பெரிய செலவில்லை, எந்த பேண்டுக்கும் (அலைவரிசைப் பகுதிக்கும்) உதவும். ஆனால் தூரத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது சுமார் 6 டெசிபல்தான். 40 மீட்டர் இடைவெளியை 80 மீட்டர் ஆக்க எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? அதற்கு முன் திசையை மாற்றிப் பாருங்கள். டைபோல்களை (நடுவில் கேபிள் சேரும் நேர்கம்பி ஆன்டெனாக்களை) இணையாகக் கட்டாமல், ஒரே நேர்கோட்டில் முனைக்கு முனை வரும்படி கட்டினால், கயிற்றை அவிழ்த்துக் கட்டிய வேலைக்கே நல்ல பலன் தெரியும்.

இரண்டாவது, பேண்ட்பாஸ் ஃபில்டர்; ஒரு பேண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது. பேண்டுகள் வேறு வேறு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ரிசீவர் பக்கம் மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 7.020 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதன் இரு மடங்கு அலைவரிசையில் கூடவே கிளம்பும் சிக்னல், 14.040-இல் வந்து உட்காரும். 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பேண்டின் ஃபில்டர் அதை நம்மாள் என்று உள்ளே விட்டுவிடும். அதை அனுப்பும் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். ஃபில்டர் கைவசம் இல்லையா? சுமார் 7 மீட்டர் ஆர்ஜி-213 கோஆக்சியல் கேபிளின் ஒரு முனையில் உள்கம்பியையும் வெளிவலையையும் சேர்த்து ஷார்ட் செய்து, மறுமுனையை அனுப்பும் ஆன்டெனா கேபிளில் போட்ட டி கனெக்டரில் மாட்டுங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகப் போகும், 14 அடங்கும்.

சரி, இருவரும் ஒரே பேண்டில் என்றால்? ஃபில்டர் கைவிரித்துவிடும். தூரம், திசை, அப்புறம் பவரைக் குறைப்பது, அவ்வளவுதான்.