ரேஷன் கார்டு கவருக்குள்ள கெடந்த ஓபி சீட்டு

2025 ஜனவரில மூணு வாரம் லீவு போட்டு இங்கிலாந்துல இருந்து ஊருக்கு போயிருந்தேன், கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம்தான் நம்ம ஊரு. போனது அப்பாவோட பட்டா வேலைக்கு. ஆனா எழுதணும்னு உக்காந்தது மைனி, அதான் அண்ணன் பொண்டாட்டி விஷயத்துக்காக, அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

வில்லேஜ் ஆபீஸுக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேணும்னு மைனி பிளாஸ்டிக் கவர எடுத்து மேசைல கொட்டுனாங்க. அதுக்குள்ள நாலா மடிச்ச ஒரு ஓபி சீட்டு. மடிப்பெல்லாம் கிழிய போற மாதிரி, நீல மையில விஐஏ பாசிட்டிவ்னு எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு போக ஒரு தேதி, 26.3.2020. இது என்ன மைனின்னேன். "அது கொரோனா டைம் மக்களே, பஸ்ஸெல்லாம் நின்னு போச்சில்லா, பொறவு யாரும் விளிக்கவும் இல்ல, எனக்கு வலியும் ஒண்ணும் இல்ல, அப்படியே விட்டாச்சு"ன்னாங்க. 24ஆம் தேதி ராத்திரி லாக்டவுன் அறிவிச்சாங்க. ரெண்டே நாள்ல தப்பிப் போன தேதி அது, எனக்கு கை நடுங்கிருச்சு.

விஐஏங்கிறது கருப்பை வாய் கேன்சர முன்கூட்டியே கண்டுபிடிக்கிற டெஸ்ட், ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. கருப்பை வாய்ல நேர்த்த அசிட்டிக் ஆசிட்ட பஞ்சால வச்சு ஒரு நிமிஷம் கழிச்சு வெள்ளையா மாறுதான்னு பாப்பாங்க. பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தம் இல்ல, நிறைய பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா அடுத்து கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாய பெருசாக்கி காட்டுற கருவி வச்சு பாத்தே ஆகணும். இந்த கேன்சருக்கு காரணமான ஹெச்பிவி கிருமி உள்ள வந்து கேன்சரா மாற பொதுவா 15, 20 வருஷம் ஆகும், நடுவுல பிடிச்சா அந்த இடத்த மட்டும் எடுத்துரலாம். வலி வந்தா போலாம்னு இருக்கிறவங்கதான் இந்த நேரத்த தொலைக்கிறாங்க.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போனோம். சிஸ்டர் ரொம்ப நல்லவங்க, கதவ சாத்தி, ஸ்கிரீன் போட்டு, மைனிக்கு வெக்கம் வராத மாதிரி பேசிக்கிட்டே பாத்தாங்க. ஆனா 2020 ரெஜிஸ்டர் கெடைக்கல. அப்ப டெஸ்ட் பாத்த சிஸ்டர கொரோனா டூட்டிக்கு போட்டு, பொறவு வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம். பாசிட்டிவ் ஆனவங்க யார் யாருங்கிற விவரமும் அதோட போச்சு.

இது எங்க ஊர்ல மட்டும் நடந்ததில்ல. இந்தியால 41 கேன்சர் ஆஸ்பத்திரிகள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, 2020 மார்ச்ல இருந்து மே வரைக்கும் புது நோயாளிகள் பதிவு முந்தின வருஷத்த விட 54% குறைஞ்சிருக்கு, ஸ்கிரீனிங், அதாவது வலி எதுவும் இல்லாதவங்களுக்கும் முன்கூட்டியே பாக்குற டெஸ்ட், பத்துல ஏழு இடத்துக்கு மேல நின்னே போச்சு இல்லன்னா கால்வாசி கூட நடக்கல. இங்கிலாந்துலயும் தள்ளிப் போச்சுதான், இந்த டெஸ்டுக்கு என்னைக் கூப்பிடுற லெட்டர் மாசக்கணக்குல லேட்டா வந்துச்சு. ஆனா வந்துச்சு, ஏன்னா என் பேரு கம்ப்யூட்டர்ல இருக்கு, நான் மறந்தாலும் அது மறக்காது. மைனி பேரு ஒரு நோட்டுல இருந்துச்சு.

நம்ம ஊர்ல வழி இல்லாம இல்ல. வீடு தேடி வந்து மருந்து குடுக்குற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்த 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, அதுல வேலை பாக்குற அக்கா பையோட வீட்டுக்கே வந்து அம்மைக்கு பிரஷர் மாத்திரை குடுக்குறத நானே பாத்தேன், திண்ணைல உக்காந்து பேரு, தேதி எல்லாம் எழுதுறாங்க. விஐஏ பாசிட்டிவ் வந்தவங்க பேரையும் அவங்க கைல குடுத்தா எவ்வளவு பேர திரும்ப கூப்பிடலாம்!

மைனிக்கு திரும்பவும் பாசிட்டிவ். பெரிய ஆஸ்பத்திரில கால்போஸ்கோபி, சின்ன சதைத்துண்டு எடுத்து பாக்குற பயாப்சி எல்லாம் பைசா வாங்காம எடுத்தாங்க, காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு போயி மதியம் ஆச்சு, பாத்ரூம்தான் மோசம். ரிப்போர்ட்ல சிஐஎன் 2, கேன்சர் இல்ல, அதுக்கு முந்தின கட்டம். நான் ஃபிளைட் ஏறின பொறவு அண்ணன் கூட்டிட்டு போயி லூப்னு ஒரு கம்பி வளையம் வச்சு அந்த இடத்த எடுத்தாச்சு, அன்னைக்கே வீட்டுக்கு வந்து சாயா குடிக்கிற போட்டோ அனுப்புனாங்க.

2020ல மைனி கூட மகளிர் குழுவுல இருந்து இன்னும் மூணு பேரு டெஸ்டுக்கு போயிருக்காங்க. ரெண்டு பேருக்கு நெகட்டிவ். மூணாவது அக்காவையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு போகச் சொன்னதா மைனிக்கு ஞாபகம், அவங்க இப்ப மகள் வீட்டுக்கு களியக்காவிளை பக்கம் போயிட்டாங்க, பழைய நம்பர் சுவிட்ச் ஆஃப். அண்ணன் ஞாயித்துக்கிழமை பைக்ல போயி தேடுறேன்னு சொல்லியிருக்கான்.