மினி 3 ப்ரோவில் என்டி பில்டர்: ஒன்ராறியோவின் எல்லாப் பருவங்களிலும் பாவித்த அனுபவம்

டிஜேஐ மினி 3 ப்ரோ ட்ரோன் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது அநேகமாக இன்னொரு பற்றரி, அதற்கடுத்து ஒரு பில்டர் செட். பற்றரிக்குக் கொடுத்த காசு வீண்போகாது. பில்டர் விஷயம் அப்படியில்லை. பெட்டிக்குள் எத்தனை கண்ணாடி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்கினால், அவற்றில் பாதி வெளியே வராமலே கிடக்கும். நான் இந்த ட்ரோனை ரொறன்ரோவுக்கு வடக்கே, ஏரிக்கரைகளிலும் பண்ணை நிலங்களிலும் கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்று பறக்கவிட்டு வருகிறேன். எது உண்மையில் உதவியது, எது உதவவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். விளம்பரக் காணொளிகளில் சொல்லாதவை சில இதில் உண்டு.

முதலில், என்டி என்பது நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. இந்தக் கமராவுக்கு அது ஏன் தேவைப்படுகிறது? இதன் லென்ஸில் ஒளி நுழையும் துளை எஃப் 1.7 (எண் சிறிதானால் துளை பெரிது), அதுவும் நிலையானது. டிஜேஐயின் பெரிய ட்ரோனான மேவிக் 3 இன் பிரதான கமராவில் எஃப் 2.8 இலிருந்து 11 வரை மாற்றலாம்; இதில் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இரவில் இது பெரிய வரம். நண்பகலில் பெரிய தலையிடி. பழைய பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது: நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 என்றால் ஷட்டர், அதாவது ஒளி விழும் நேரம், ஏறக்குறைய 1/100 செக்கன். அதை எஃப் 1.7 க்கு மாற்றிக் கணக்குப் போட்டால் ஷட்டர் 1/8000 ஐத் தாண்டும். இந்தக் கமராவின் மிக வேகமான ஷட்டரே 1/8000 தான். செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும் வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய 1/60 வேண்டும் என்பது வழமை. இந்த இரண்டுக்கும் இடையில் ஏழு ஸ்டொப் கிடக்கிறது; ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாவது. அதைக் குறைக்க, ஒளியை 128 இல் ஒரு பங்காக்கும் என்டி 128 தேவை.

இனி வேடிக்கையைப் பாருங்கள். டிஜேஐ இதற்கென விற்கும் செட்டில் இருப்பவை என்டி 16, 64, 256. அதாவது நாலு, ஆறு, எட்டு ஸ்டொப். தெளிவான கோடை வெயிலுக்குப் பொருத்தமான ஏழு மட்டும் இல்லை! இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் நடைமுறையில் அது அவ்வளவு உறுத்தவில்லை. வெயிலில் 64 ஐப் போட்டால் ஷட்டர் 1/125 பக்கம் நிற்கும். அதையே 60 பிரேமில் எடுத்தால் கணக்குச் சரியாக வந்துவிடுகிறது. மேகமூட்டமான நாளில் வெளிச்சம் மூன்று ஸ்டொப் அளவு இறங்கும். அப்போது 16 போட்டால் 1/60 கிட்டத்தட்ட அச்சொட்டாகக் கிடைக்கும். மெல்லிய புகார் படிந்த வெயிலுக்கு 64. இந்த இரண்டு கண்ணாடிகளோடுதான் என் பறப்புகளில் பெரும்பாலானவை முடிகின்றன.

256 ஐ வாங்கியபோது அது வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். மார்ச் மாதம் சிம்கோ ஏரி உறைந்து, மேலே பனி படிந்து, மீன்பிடிக் கொட்டில்கள் வரிசையாக நிற்கும்போது நண்பகலில் ஒருக்கா பறக்கவிட்டுப் பாருங்கள். கீழிருந்தும் வெளிச்சம், மேலிருந்தும் வெளிச்சம். அங்கே 256 இல்லாமல் 1/60 கிடைக்காது. ஆனால் அதே பனிக்கு டிசம்பரில் அது வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியில் இங்கே நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 23 பாகைதான் ஏறும். யூனில் அது 70 பாகை. பனி என்றவுடனே 256 என்று எழுதிவைக்கும் அட்டவணைகள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. மாதத்தையும் பார்க்கவேண்டும்.

சரி, 1/60 என்ற இந்த விதியை எவ்வளவு தூரம் கட்டிப்பிடிக்கவேண்டும்? என் அபிப்பிராயம்: தாழப் பறக்கும்போது மட்டும். மரங்களை ஒட்டி, கரையை ஒட்டி, பக்கவாட்டில் போகும்போது வேகமான ஷட்டரில் காட்சி வெட்டிவெட்டித் தெரியும். என்டி போட்டால் அது குழைந்து வரும், வித்தியாசம் யாருக்கும் விளங்கும். 100 மீற்றர் உயரத்திலிருந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தால் 1/60 க்கும் 1/500 க்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்த உயரத்தில் நிலம் பிரேமுக்குள் அவ்வளவு மெதுவாக நகர்கிறது. இன்னொரு இடத்தில் என்டி கைகொடுக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. சூரியன் எதிரே மேலே இருக்கும்போது இறக்கைகளின் நிழல் லென்ஸ் மேல் விழுந்து, படத்தில் கோடு கோடாகத் துடிக்கும். ஷட்டரை மெதுவாக்கினால் அந்தத் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். மாலை வெயிலுக்கு எதிராக எடுப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

புகைப்படம் மட்டும் எடுப்பவர் என்டி வாங்கவேண்டியதில்லை. நகரும் தளத்திலிருந்து எடுக்கும்போது வேகமான ஷட்டர் நல்லதுதான். அருவியை பால் மாதிரி வழியவைக்கும் நீண்ட எக்ஸ்போஷர் ஆசை இருந்தால் வேறு கதை. காற்றில்லாத நாளில் அரைச் செக்கன் வரை எனக்குச் சரிவந்திருக்கிறது, அதற்கு மேல் அதிர்ஷ்டம்.

பளபளப்பை வெட்டும் பில்டரான போலரைசர் பற்றிக் கொஞ்சம் விரிவாகக் கதைக்கவேண்டும், ஏனென்றால் அதைச் சுற்றித்தான் குழப்பம் அதிகம். டிஜேஐ செட்டில் அது இல்லை. ஃப்ரீவெல், கே அன்ட் எஃப், போலர்ப்ரோ போன்ற பிற நிறுவனங்கள் செய்கின்றன, என்டியோடு சேர்த்தும் தனியாகவும். தரையில் நிற்கும் கமராவில் போலரைசரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். வானத்தில் இருக்கும் ட்ரோனில் யார் போய்ச் சுற்றுவது? ஆகவே ட்ரோனுக்குப் போலரைசர் பயனில்லை என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதிதான் சரி.

நீல வானத்தைக் கருமையாக்க என்று வாங்கினால் பயனில்லை. வானத்தில் அதன் விளைவு சூரியனுக்கு 90 பாகையில்தான் உச்சம். ட்ரோன் திரும்பத் திரும்ப விளைவும் மாறும். இதன் லென்ஸோ 24 மில்லிமீற்றர் அளவிலான அகன்ற கோண லென்ஸ்; ஒரே பிரேமில் வானத்தின் ஒரு பகுதி கறுத்து மற்றப் பகுதி வெளிறி, நடுவில் பட்டைபோல் தெரியும். அசிங்கம்.

தண்ணீருக்கு என்றால் கதை மாறுகிறது. ஏரியின் மேற்பரப்பில் தெறித்து வரும் ஒளி எந்தத் திசையில் பார்த்தாலும் கிடைமட்டமாகவே முனைவுற்றிருக்கும், அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் அந்த ஒரு திசையில்தான். ஆகவே பில்டரை ஒரு முறை சரியான நிலையில் வைத்தால், ட்ரோன் வடக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் அது வேலை செய்யும். கரையில் நின்று, பில்டரைக் கையில் பிடித்துக் கண்ணருகே வைத்து, தண்ணீரின் பளபளப்பு மறையும் வரை சுற்றுங்கள். எது மேல்பக்கம் என்று பார்த்து விளிம்பில் ஒரு சிறு புள்ளி இட்டுக்கொள்ளுங்கள். லென்ஸில் பூட்டியபின் அந்தப் புள்ளி மேலே நிற்கவேண்டும், அவ்வளவுதான். பூட்டும்போது முன்வளையமும் சேர்ந்து சுழன்றுவிடும் என்பதால் பின்வளையத்தைப் பிடித்துத் திருகுவது முக்கியம்.

அப்புறம் கோணம். நேர் கீழே பார்த்தால் போலரைசரால் ஒரு பயனும் இல்லை. கமராவை அடிவானத்திலிருந்து 35, 40 பாகை அளவு கீழே சாய்க்கும்போதுதான் கண்ணாடி கழுவிவிட்டதுபோல் அடித்தளப் பாறைகள் தெரியும். கவார்த்தா ஏரிகளின் ஆழமில்லாத கரைகளில் இதைப் பார்த்த பிறகு போலரைசர் இல்லாமல் நான் வெளியே போவதேயில்லை. ஒக்ரோபரில் மழைக்குப் பின் ஈர இலைகளின் மினுக்கத்தையும் அது வெட்டிவிடும். மேப்பிள் சிவப்பு அப்போதுதான் சிவப்பாக வரும். ஒரு எச்சரிக்கை: மினி 3 ப்ரோவில் செங்குத்துப் படத்துக்காக கமரா 90 பாகை சுழலும் அல்லவா? பில்டரும் அதோடு சுழலும். கிடைப்படத்துக்குச் சரியாக வைத்தது செங்குத்துப் படத்தில் நேரெதிராகிவிடும்; பளபளப்பு குறையாது, அதுதான் மிஞ்சும். செங்குத்துப் படம் எடுக்கவேண்டுமென்றால் இறக்கிப் புள்ளியை மாற்றித்தான் ஏற்றவேண்டும்.

மலிவு, விலை கூடியது என்ற கேள்விக்கு வருகிறேன். பெயரில்லாத மலிவுச் செட் ஒன்றையும் பாவித்திருக்கிறேன். கூர்மையில் பெரிய குறை தெரியவில்லை, உண்மையைச் சொல்லவேண்டும். நிறத்தில் தெரிந்தது. 16 இல் லேசான மஞ்சள், 64 இல் மண்நிறம். ஒரே நிறப்பிசகு என்றால் எடிட்டிங்கில் சரிசெய்யலாம். ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறம் காட்டினால் இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து ஒட்டும்போது கழுத்தறுப்பு. கடும் என்டிகளில் அகச்சிவப்பு ஒளி கசிந்து இந்தச் சிவப்புமண் சாயல் வருவது தெரிந்த விஷயம்தான். எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் வைற் பலன்ஸை (நிறச் சமநிலையை) கையால் பூட்டிவிடுங்கள், இல்லையேல் ஒரே காட்சிக்குள் நிறம் நகரும். ஆனால் அந்தச் செட்டை நான் ஒதுக்கியது நிறத்துக்காக அல்ல. அதில் ஒரு கண்ணாடியின் பூட்டும் பற்கள் தளர்ந்திருந்தன; விரலால் தொட்டாலே ஆடியது. அதை ஏரிக்கு மேலே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பில்டர் விழுந்தால் பில்டர் மட்டும் போகாது, லென்ஸ் திறந்தபடி திரும்பி வரவேண்டும்.

பூட்டும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். இந்தக் கமரா மூன்று சிறிய மோட்டர்களிலும் மெல்லிய பட்டைக் கேபிளிலும் தொங்குகிறது; இந்தத் தாங்கிதான் கிம்பல். பழைய ட்ரோனான மினி 2 இல் பில்டரை முன்னால் அழுத்திச் செருகுவார்கள். மினி 3 ப்ரோவில் அப்படியல்ல. ஏற்கெனவே இருக்கும் தெளிந்த கண்ணாடியை இடஞ்சுழியாகத் திருகிக் கழற்றி, அதே இடத்தில் என்டியை வலஞ்சுழியாகப் பூட்டவேண்டும். ட்ரோன் நிறுத்தியிருக்கவேண்டும். மோட்டர்கள் உயிரோடு இருக்கும்போது கமராவைத் திருகினால் அவை எதிர்த்துத் தள்ளும். அந்தச் சண்டையில் தோற்பது மோட்டர்தான்.

நான் செய்வது இது: ஒரு துவாயை விரித்து ட்ரோனை அதன்மேல் வைத்து, முகம் என் பக்கம் பார்க்க, கிம்பல் மூடியை எடுப்பேன். இடக்கையின் இரு விரல்களால் கமராப் பெட்டியை இரு பக்கமும் பிடிப்பேன். அதைத் தாங்கும் கையைப் பிடிக்கவே கூடாது. வலக்கையால் வளையத்தின் விளிம்பைத் திருகும்போது அந்த விசை முழுவதும் என் இரண்டு கைகளுக்குள்ளேயே நிற்கவேண்டும். பின்னால் இருக்கும் மோட்டருக்குப் போகக்கூடாது. சிறு திருப்பிலேயே கழன்றுவிடும். இறுகியிருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், மெல்லிய இறப்பர் கையுறை போட்டுக்கொண்டு பிடியைக் கூட்டுங்கள். புதியதைப் பூட்டும்போது முகத்தைச் சரிவாக வைத்து ஏற்றினால் பற்கள் குறுக்காகக் கடிக்கும். தட்டையாக வைத்து, தானாக உட்கார்ந்தபின் திருகவேண்டும். மாற்றும் நேரத்தில் லென்ஸ் வெறுமையாக இருப்பதால் காற்றடிக்கும் கடற்கரை மணலில் இந்த வேலை வேண்டாம். காருக்குள் போய்ச் செய்யுங்கள்.

பிறகு ட்ரோனை இயக்கினால் கிம்பல் ஒரு சுற்று ஆடித் தன்னைச் சோதிக்கும். அந்த ஆட்டத்தை நான் ஒவ்வொரு முறையும் வடிவாகப் பார்ப்பேன். நடுங்கினாலோ, அடிவானம் சரிந்தாலோ, மோட்டருக்குச் சுமை அதிகம் என்று செயலி சொன்னாலோ உடனே நிறுத்தவேண்டும். எல்லாம் சரியென்றால் இரண்டு மீற்றர் உயரத்தில் நிறுத்தி, கமராவை நேர் கீழிலிருந்து மேல்நோக்கி 60 பாகை வரை ஒருமுறை ஆட்டி, செங்குத்தாகவும் சுழற்றிப் பார்ப்பேன். தடித்த வளையம் உள்ள பில்டர் எங்காவது உரசினால் அங்கேயே தெரிந்துவிடும். பையில் வைக்கும்போதும் கவனிக்கவேண்டும்: வளையம் தடித்ததால் மூடி இறுக்கமாக உட்கார்ந்தால், அது பயணம் முழுவதும் கிம்பலை அழுத்திக்கொண்டே வரும்.

குளிர்காலத்துக்கென்று இரண்டு சொல். இந்த ட்ரோனின் எல்லை சைபருக்குக் கீழே 10 பாகை. அந்தக் குளிரில் வெறும் விரலால் இந்தச் சிறு வளையத்தைத் திருகுவது வேதனை, விழுந்தால் பனிக்குள் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே வீட்டிலேயே பூட்டிக்கொண்டு போவேன், அன்றைக்கு அந்த ஒரு கண்ணாடிதான். திரும்பி வந்ததும் பையைத் திறக்காமல் வைத்திருங்கள். சூடான அறையில் உடனே எடுத்தால் பில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஈரம் படியும். வெளியே துடைத்தாலும் அது போகாது.

எடையைப் பற்றியும் கேட்பார்கள். கனடாவில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்குப் பதிவும் விமானிச் சான்றிதழும் தேவையில்லை. மினி 3 ப்ரோ சாதாரண பற்றரியோடு 249 கிராமுக்குள் நிற்கிறது. மேலே மாட்டுவதெல்லாம் எடைக் கணக்கில் சேரும், ரிமோட் மட்டும் சேராது. என்டி பழைய கண்ணாடிக்குப் பதிலாகப் போவதால் அதிகம் கூடாது. ஆனால் தடித்த உலோக வளையமுள்ள போலரைசரை வாங்கினால் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பெரிய பற்றரி போட்டால் 290 கிராம் வரும், அப்போது இந்தக் கணக்கே வேண்டாம், பதிவு கட்டாயம். எந்த எடையாக இருந்தாலும் தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

இப்போது என் பையில் இருப்பவை 16, 64, ஒரு தனிப் போலரைசர், பனி மாதங்களில் 256. சுற்றிச் சுற்றி அளவை மாற்றும் வேரியபிள் என்டியை வாங்கவில்லை: இரண்டு போலரைசர்களைச் சேர்த்துச் செய்வது அது, அகன்ற லென்ஸில் உச்சத்துக்குத் திருப்பினால் குறுக்குக் கறை விழும், பறக்கும்போது திருப்பவும் முடியாது. ட்ரோனோடு வந்த தெளிந்த கண்ணாடியை மட்டும் பில்டர் பெட்டிக்குள்ளேயே ஓரிடம் ஒதுக்கி வையுங்கள். பொழுது சாய்ந்தபின் திரும்பப் பூட்டவேண்டியது அதுதான், அது தொலைந்தால் இரவுப் பறப்பு இல்லை.