எதன் நகல் என்பதுதான் கேள்வி: மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டார்களோடு பல வருடம்

என்னிடம் குறைந்த விலை நகல் கிட்டார்கள் மூன்று இருக்கின்றன. ஒன்று டெலிகாஸ்டர் வடிவம், ஒன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர், இன்னொன்று லெஸ் பால். முதல் இரண்டின் அசல் ஃபெண்டர் கம்பெனியுடையது, மூன்றாவதன் அசல் கிப்ஸனுடையது. பல வருடமாக மூன்றையும் மாற்றி மாற்றி ஒத்திகையிலும் மேடையிலும் வாசித்து வருகிறேன். கொடுத்த காசுக்குத் தகுமா என்று யாராவது கேட்டால், எதன் நகல் என்று முதலில் திருப்பிக் கேட்பேன். டெலிகாஸ்டர் நகல் அசலுக்கு ஆச்சரியப்படும் அளவு பக்கத்தில் வருகிறது. லெஸ் பால் நகல் அப்படி வருவதில்லை.

காரணம் அசல்களிலேயே இருக்கிறது. லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்தவர். 1950இல் அவர் கொண்டுவந்த, பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டார், தொழிற்சாலையில் வேகமாகச் செய்து முடிப்பதற்கென்றே யோசித்த வடிவம். தட்டையான மரப்பலகையில் ஒரு பாடி, அதில் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கிய நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி), அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மரம் கடையும் இயந்திரங்கள் பரவிய பிறகு, இதை அச்சு அசலாக வெட்டுவது எந்தத் தொழிற்சாலைக்கும் கஷ்டமில்லை. 1952இல் கிப்ஸன் வெளியிட்ட லெஸ் பால் வேறு ரகம். மஹோகனி பாடிக்கு மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள், சாய்கோணத்தில் ஒட்டிய நெக், ஓரங்களில் பைண்டிங் என்ற மெல்லிய கரைப்பட்டை. எல்லாமே ஆள் உழைப்பும் நேரமும் கேட்கிற வேலைகள். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கத்தரி விழுவது அங்கேதான்.

என் லெஸ் பால் நகலில் மேலே பளபளக்கும் வரிவரியான மேப்பிள் வெறும் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள். நெக் ஒட்டப்படவில்லை, ஸ்க்ரூ போட்டிருக்கிறது. நெக் பாடியோடு சேரும் இடத்தில் கட்டை தடிப்பாக இருப்பதால் பதினைந்தாவது ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் கை ஏறுவது சிரமம். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் போட்டு வாசித்தால் சத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கையில் எடுத்தால் அது லெஸ் பால் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் நகல்களுக்குச் சாதகம் உண்டு. கிப்ஸனில் ஹெட்ஸ்டாக் (ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பின்னால் சாய்ந்திருக்கும், நெக்கும் அதுவும் ஒரே மரத்துண்டு. கீழே விழுந்தால் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில். மலிவான நகல்கள் பலவற்றில் ஹெட்ஸ்டாக்கைத் தனித் துண்டாகச் சாய்த்து ஒட்டியிருப்பார்கள். மரத்தின் ரேகை நேராக ஓடுவதால் அந்த இணைப்பு உறுதியானது.

டெலிகாஸ்டர் நகலிலும் இப்படி ஒன்று உண்டு. பழைய அசலில் பிரிட்ஜில் (பாடி மேல் ஸ்ட்ரிங்குகள் வந்து நிற்கும் தாங்கி) மூன்று சேடில்கள்தான், ஒவ்வொன்றும் இரண்டு ஸ்ட்ரிங்கைத் தாங்கும். அதனால் ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்தில் சரியான ஸ்வரத்துக்குக் கொண்டுவருவது சமரசம்தான். என்னுடையதைப் போன்ற பல நகல்களில் ஆறு தனித்தனி சேடில் வருகிறது, இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்வரம் சரியாக ஒலிப்பது, சுலபமாக நிற்கிறது.

சரி, மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது? என் அனுபவத்தில் ஃப்ரெட்டிலும் நட்டிலும் (நெக்கின் நுனியில், ஸ்ட்ரிங்குகள் உட்காரும் காடிகள் வெட்டிய துண்டு). மரத்தைப் பற்றியும் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைப் பற்றியும் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால் ஒரு கிட்டாரைக் கையில் எடுக்கத் தோன்றுகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டும்தான். தொழிற்சாலையில் மிச்சம் பிடிப்பதும் இங்கேதான், ஏனென்றால் ஃப்ரெட்டைச் சமன் செய்து, முனைகளை உருட்டி, பாலிஷ் போட ஓர் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். வறண்ட நாட்களில் ஃப்ரெட்போர்டு மரம் கொஞ்சம் சுருங்கும். உலோக ஃப்ரெட் சுருங்காது. அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். மூன்று கிட்டாரிலும் இது வந்தது. மெல்லிய அரத்தால் பக்கவாட்டில் தேய்த்துவிட்டால் போதும்.

உயரமான ஃப்ரெட் இதைவிடத் தொந்தரவு. ஒரு இடத்தில் மட்டும் ஸ்ட்ரிங் இரையும், அல்லது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளி பெண்ட் செய்யும்போது ஸ்வரம் சட்டென்று செத்துப் போகும். மூன்று ஃப்ரெட்டைத் தொடும் அளவு நேரான உலோகத் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். ஆடினால் நடுவில் உள்ளது உயரம்.

நட் விஷயத்தில் சோதனை இன்னும் எளிது. ஸ்ட்ரிங்கை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் கனத்துக்கு மட்டும் இருக்க வேண்டும். மலிவு கிட்டாரில் பெரும்பாலும் அதைவிட அதிகம் இருக்கும். அப்படி இருந்தால் எஃப் கார்டு பிடிக்க விரல் வலிக்கும், முதல் சில ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் ஏறி ஒலிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்களுக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். காடி குறுகலாக இருந்தால் ஸ்ட்ரிங் சிக்கும், ட்யூனிங் நிற்காது, பழி ட்யூனர் மேல் விழும். நல்ல நட் ஒன்று போட்டு, விஷயம் தெரிந்தவரிடம் ஒரு முறை முழு செட்டப் (ஸ்ட்ரிங் உயரம், நெக் வளைவு, இன்டொனேஷன் எல்லாவற்றையும் சரிசெய்வது) செய்துகொள்வதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். பிக்கப் மாற்றுவது அப்புறம்.

பிக்கப்பைப் பொறுத்தவரை, மலிவான சிங்கிள் காயில்களில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) இரும்புக் குச்சிகளுக்கு அடியில் செராமிக் காந்தம் ஒட்டியிருக்கும். அசலில் அந்தக் குச்சிகளே அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். செராமிக் கொஞ்சம் கரகரப்பாக, முன்தள்ளி ஒலிக்கிறது. சுத்தமான டோனில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், டிஸ்டார்ஷன் போட்டால் பாதி மறைந்துவிடும். என் ஸ்ட்ராட் நகலில் மட்டும் மாற்றினேன், டெலியில் வந்ததே போதுமானதாக இருக்கிறது. கெட்டுப்போனவை என்று பார்த்தால் ஜாக், ஸ்விட்ச், வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு). இவை சில்லறைச் செலவு. சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 கே பாட் என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்ட்ராட் நகல் தரத்தில் நடுவில் நிற்கிறது. அதன் பலவீனம் ட்ரெமலோ, அதாவது கைப்பிடியால் பிரிட்ஜை ஆட்டி ஸ்வரத்தை அசைக்கும் அமைப்பு. அசலில் ஸ்ட்ரிங் வந்து முடியும் பிளாக் கனமான எஃகு. நகலில் மெல்லிய துத்தநாக வார்ப்பு. மாற்ற நினைத்தால் முதலில் அளவெடுங்கள். பழைய அசல் பிரிட்ஜில் முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது வரை சுமார் 56 மிமீ அகலம். நகல்கள் பலவற்றில் 52.5 மிமீ. சிலவற்றில் பாடியே மெலிசு, முழு நீள பிளாக் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

நீண்ட காலக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. மலிவு கிட்டாரின் ஃப்ரெட் பெரும்பாலும் மென்மையான உலோகம். நிறைய வாசித்தால் முதல் சில ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழும். எல்லா ஃப்ரெட்டையும் மாற்றும் கூலி கிட்டாரின் விலையைத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டும். டெலி, ஸ்ட்ராட் நகல்களில் இதற்கு வழி உண்டு. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு நெக் போட்டுவிடலாம், அதற்கெனச் செய்த நெக்குகள் தாராளமாகக் கிடைக்கின்றன. லெஸ் பால் நகலின் நெக் ஒட்டியதாக இருந்தால் அந்த வசதி கிடையாது. ஸ்க்ரூ போட்டதாக இருந்தாலும் பொருந்தும் நெக் கிடைப்பது அரிது. அதனால்தான் லெஸ் பால் விருப்பம் உள்ளவர்களிடம், மிகக் கீழே இருக்கும் விலையில் வாங்காமல் ஒரு படி மேலே, ஒட்டிய நெக் உள்ள எபிஃபோன் மாதிரிக் கிட்டாருக்குப் போங்கள் என்று சொல்கிறேன். எபிஃபோன் 1957 முதல் கிப்ஸன் குடும்பத்தில் இருக்கும் பெயர். ஃபெண்டர் தரப்பில் அதே இடத்தில் 1982 முதல் ஸ்குவையர் இருக்கிறது.

நகல் வேறு, போலி வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 1977இல் கிப்ஸன் தரப்பு, ஐபனீஸ் கிட்டார்களின் அமெரிக்க விநியோகஸ்தர் மேல் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்குப் போட்டது. 2009இல் ஸ்ட்ராட், டெலி பாடி வடிவங்களைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய ஃபெண்டர் கேட்டது அமெரிக்காவில் மறுக்கப்பட்டது. அதனால் தன் சொந்தப் பெயரும் வேறு ஹெட்ஸ்டாக்கும் போட்டு, அதே பாடியோடு விற்பவர்கள் நேர்மையாகத்தான் விற்கிறார்கள். கிப்ஸன் என்று எழுதி மிகக் குறைந்த விலைக்கு வருவது அப்படியல்ல. நெக்கை நேராக வைக்க உள்ளே ஓடும் கம்பியான ட்ரஸ் ராடின் மூடியில் அசல் கிப்ஸனுக்கு இரண்டு ஸ்க்ரூ, போலிகள் பலவற்றில் மூன்று இருக்கும். பெயரை மாற்றி ஒட்டியவர் உள்ளே வயரிங்கிலும் ட்ரஸ் ராடிலும் என்ன செய்திருப்பார் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. அதே காசுக்குத் தன் பெயரில் விற்கும் நகலை வாங்கி, மிச்சத்தில் ஒரு செட்டப் செய்துகொள்ளுங்கள்.