ஓடுகிற திருடனை எதுவரை அடிக்கலாம்? சொத்துக் காப்பில் நான்கு சட்டங்கள், நான்கு அறங்கள்

நள்ளிரவில் ஒருவன் கத்தியோடு படுக்கையறைக் கதவை உடைத்து வருகிறான். உள்ளே இருப்பவர் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க, அவன் செத்துப்போகிறான். இதில் பெரும்பாலான சட்டங்களும் பெரும்பாலான மனிதர்களும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள். தற்காப்பு பற்றிய வாதங்களில் இந்தக் காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்துப் போடுவதால் பயனில்லை. கருத்து பிரிவது வேறு மூன்று இடங்களில்: பொருளோடு ஓடுகிறவன், ஆளில்லாத கட்டடம், ஆள் மாறிப்போன இரவு. இந்த மூன்றிலும் இந்தியா, இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் டெக்சஸ் ஆகிய நான்கும் என்ன சொல்கின்றன என்று வைத்துப் பார்த்தால், "உயிரா உடைமையா" என்ற வழக்கமான கேள்விக்கு அடியில் இன்னொன்று கிடப்பது தெரியும். இருட்டில் சில நொடிகளில் எடுத்த முடிவு தவறாகிவிட்டால், அதன் விலையை யார் தலையில் கட்டுவது?

பொருளோடு ஓடுகிறவன்

வாசலில் நின்ற பைக்கைக் கிளப்பிக்கொண்டு ஒருவன் போகிறான். ஆயுதம் இல்லை, யாரையும் மிரட்டவும் இல்லை.

இந்தியச் சட்டம் இதற்குப் படி வைத்துப் பதில் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள்தான் சிறு திருத்தங்களோடு எண் மாறி வந்திருக்கின்றன. சொத்தைக் காக்க உயிர் போகும் அளவுக்குத் தாக்கும் உரிமையை 41ஆம் பிரிவு நான்கே சூழல்களில் தருகிறது. வழிப்பறி ஒன்று. சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் நடக்கும் வீடு உடைப்பு இரண்டாவது. ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயோ வெடியோ வைப்பது மூன்றாவது. நான்காவது, திருட்டோ சேதமோ வீட்டுக்குள் அத்துமீறலோ, தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சவைக்கும் விதத்தில் நடப்பது.

பைக் திருடன் இந்த நான்கிலும் வரமாட்டான். அவனைத் துரத்தலாம், மடக்கலாம், வண்டியைப் பிடுங்கலாம். அதற்குத் தேவையான அளவு காயப்படுத்தினாலும் குற்றமில்லை. சாகடிக்கக் கூடாது, அவ்வளவுதான். காலக்கெடுவும் உண்டு. 43ஆம் பிரிவின்படி திருட்டில் இந்த உரிமை அவன் பொருளோடு தப்பிவிடும் வரை, அல்லது அதிகாரிகளின் உதவி கிடைக்கும் வரை, அல்லது பொருள் கைக்கு வரும் வரை நீடிக்கும். வீடு உடைப்பில் அத்துமீறல் தொடரும்வரை மட்டுமே. ஜன்னல் வழியே வெளியே குதித்தவனைத் தெருவில் துரத்திப்போய்ப் பிடிக்கலாம். ஆனால் வீட்டுக்குள் இருந்த உயிர்பறிக்கும் உரிமை அவன் வெளியேறியதோடு முடிந்துவிடுகிறது.

டெக்சஸ் இதற்கு நேர் எதிர். அதன் தண்டனைச் சட்டத் தொகுப்பில் 9.42 என்ற பிரிவு, இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்கவும், திருடிய கையோடு பொருளுடன் ஓடுகிறவனை நிறுத்தவும் உயிர்க்கொல்லி ஆயுதத்தை அனுமதிக்கிறது. உடனடித் தேவை இருப்பதாக நியாயமாக நம்ப வேண்டும். வேறு வழியில் பொருளைக் காக்கவோ மீட்கவோ முடியாது, அல்லது குறைந்த பலத்தைப் பயன்படுத்தினால் தனக்கே பேராபத்து என்றும் நம்ப வேண்டும். அந்த "அல்லது" முக்கியமானது. உயிருக்கு ஆபத்தே இல்லாத நேரத்திலும், பொருள் திரும்பாது என்ற நம்பிக்கை மட்டும் போதும்.

ஜெர்மனி வேறு பாதையில் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து, பிறகு பின்வாங்கியது. அதன் தண்டனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் அடிப்படை, நியாயம் அநியாயத்துக்கு வழிவிட வேண்டியதில்லை என்பது. பொருளின் மதிப்பையும் தாக்குபவனின் உயிரையும் தராசில் வைக்கும்படி அந்தப் பிரிவு கேட்பதில்லை. கையில் உள்ள வழிகளில், உறுதியாகப் பலன் தரக்கூடியவற்றுள் மிகக் குறைந்த பாதிப்புள்ளது எது என்று மட்டும் கேட்கிறது: முதலில் எச்சரிக்கை, பிறகு வானில் சுடுவது, பிறகு கால். 1920இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தன் மரங்களில் பழம் திருடி ஓடியவர்களை எச்சரித்துவிட்டுச் சுட்டு ஒருவரைப் படுகாயப்படுத்தியவரின் செயலைத் தற்காப்பு என்று ஏற்றது. இன்று அங்கே எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்புச் சொல்லாது. அற்பப் பொருளுக்காக உயிரைப் பறிப்பது உரிமையின் துஷ்பிரயோகம் என்ற வரம்பை நீதிபதிகளே பின்னாளில் கொண்டுவந்தார்கள். ஒரு கொள்கையை அதன் எல்லைவரை இழுத்துப் பார்த்து, அதை உண்டாக்கியவர்களே திடுக்கிட்ட நிகழ்வு இது.

இங்கிலாந்தில் அளவுகோல் ஒன்றே: அந்தச் சூழலில் நியாயமான பலம். 2013இல் வந்த திருத்தம் வீட்டில் இருப்பவருக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. அவர் பயன்படுத்திய பலம் மிக மிக அதிகமாக இருந்தால்தான் உடனே தோற்பார், இல்லாவிட்டால் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். பலர் கவனிக்காதது, இந்தச் சலுகை ஆளைக் காப்பதற்கு மட்டுமே. டி.வி.யைக் காப்பாற்ற அடித்தவருக்கு இது கிடையாது.

டெக்சஸ் நிலைப்பாட்டைத் துப்பாக்கி மோகம் என்று ஒதுக்குவது நேர்மையல்ல. வருமானத்துக்கு ஒரே வண்டியை நம்பியிருப்பவருக்கு அந்த இழப்பு வெறும் பொருள் இழப்பாக இருக்காது. காவல்துறை அதை மீட்டுத் தரும் என்ற நம்பிக்கையும் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. இருந்தாலும் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் வைத்த பிரிவினைக்கு இன்றுவரை சரியான மறுப்பு வரவில்லை. வாளோடு வழிமறித்து, பையில் பன்னிரண்டு பென்னிகூட இல்லாதவரிடம் பணம் கேட்பவனைக் கொல்லலாம். நம்பிக் கொடுத்த நூறு பவுண்டைத் திருப்பித் தராமல் ஏய்ப்பவனைக் கொல்லக் கூடாது என்றார் அவர். தொகை முக்கியமில்லை. உயிர் போனால் எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. நூறு பவுண்டுக்கு வழக்குப் போடலாம். பைக் இந்த இரண்டாவது வகை.

ஆளில்லாத கட்டடம்

இங்கே இரண்டு வழக்குகளை அருகருகே வைத்தாலே போதும். இரண்டிலும் கதவைத் திறந்தால் தானாக வெடிக்கும்படி துப்பாக்கி கட்டப்பட்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் அடிக்கடி திருட்டுக்கு ஆளான ஒரு கடைக்காரர் எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டு இதைச் செய்தார். உள்ளே நுழைந்தவர் இறந்தார். 1967இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சொத்தைக் காக்க உயிர் பறிப்பதும் சில சூழல்களில் சட்டப்படி சரியே என்று சொல்லி, கடைக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நான்கே ஆண்டு கழித்து, 1971இல், அமெரிக்காவின் அயோவா உச்ச நீதிமன்றத்தில் எதிர்த் தீர்ப்பு வந்தது. யாரும் குடியிருக்காத பண்ணை வீட்டில் பழைய கண்ணாடி ஜாடிகளைத் தேடி நுழைந்தவரின் கால் சிதைந்தது. வீட்டுக்காரர்கள் அவருக்கு 30,000 டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பை நீதிமன்றம் உறுதிசெய்தது. நேரில் நின்று செய்ய உரிமையில்லாததை ஒரு கருவியை வைத்தும் செய்யக் கூடாது என்பது அதன் காரணம்.

அயோவா சொன்னதே சரி. பொறிக்குப் பார்வை இல்லை. திருடனையும், மழைக்கு ஒதுங்கிய சிறுவனையும், தீயணைக்க வந்தவரையும் அது ஒன்றாகவே சுடும். எதிரில் நிற்பவர் கடைசி நொடியில் நிறுத்தலாம். தற்காப்பு உரிமையின் அறம் முழுக்க அந்த நிறுத்தும் திறனில்தான் தங்கியிருக்கிறது. இங்கிலாந்து இத்தகைய பொறிகளை 1827இலேயே தடை செய்தது. இரவில் குடியிருப்பு வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்கு தந்தது. மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சிய வேலிக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

ஆள் மாறிப்போன இரவு

இந்தியச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் தனக்கு நுழைய உரிமையுள்ள வீட்டுக்குள் இரவில் போகிறார். உள்ளே இருப்பவர் அவரைத் திருடன் என்று நல்லெண்ணத்தோடு நம்பி அடிக்கிறார், அது குற்றமில்லை. ஆனால் அடி வாங்குபவருக்கும் திருப்பித் தாக்கும் உரிமை முழுமையாக உண்டு. ஒரே இருட்டறையில் இருவரும் நியாயத்தோடு அடித்துக்கொள்ளலாம்! அபத்தமாகத் தோன்றினாலும் இதில் நேர்மை இருக்கிறது: ஒருவரின் பிழையான நம்பிக்கை இன்னொருவரின் உரிமையைத் தின்றுவிடாது. "நல்லெண்ணம்" என்பதற்கு உரிய கவனமும் எச்சரிக்கையும் வேண்டும் என்று சட்டம் சொல்வதால், விளக்கைப் போடாமலும் "யார்" என்று கேட்காமலும் அடித்தவர் சிக்கிக்கொள்வார்.

இங்கிலாந்து இதைவிடத் தாராளம். நம்பிக்கை உண்மையாக இருந்தால் போதும், நியாயமானதாக இருக்க வேண்டியதில்லை. குடிபோதையில் வந்த தவறான நம்பிக்கைக்கு மட்டும் இடமில்லை. அமெரிக்காவில் பொதுவாக நியாயமான நம்பிக்கை தேவை, ஆனால் நியாயம் எது என்பதை ஜூரி தீர்மானிக்கும். 1992இல் லூசியானாவில், விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறிப் போய் அழைப்பு மணியை அழுத்திய 16 வயது ஜப்பானிய மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. பின்னர் சிவில் நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. பிழையின் விலை முதலில் இறந்தவர் தலையிலும், பிறகு ஓரளவு சுட்டவர் தலையிலும் விழுந்தது.

நியாயமா, மன்னிப்பா

எல்லை தாண்டியவரை என்ன செய்வது என்பதில்தான் ஜெர்மனியின் சட்டம் மற்றவற்றைவிட முதிர்ச்சியானது. அதன் 33ஆம் பிரிவு, குழப்பத்திலோ அச்சத்திலோ திகிலிலோ தற்காப்பின் எல்லையை மீறியவரைத் தண்டிக்காது. கோபத்தில் மீறியவருக்கு இந்த விலக்கு இல்லை. செய்தது சரி என்று அது சொல்லவில்லை, மன்னிக்கிறது, அவ்வளவே. செத்தவனின் உயிருக்கு மதிப்பு இருந்தது என்பதையும், பயந்தவர் கொலைகாரர் அல்ல என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல இந்த வழியால் முடிகிறது.

இந்தியா பாதி வழி வருகிறது. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமில்லாமல், தேவைக்கு மேல் தீங்கிழைக்கும் எண்ணமில்லாமல் எல்லை மீறினால் அது கொலை ஆகாது. ஆனால் மரணம் விளைவித்த குற்றம் நிற்கும், ஆயுள் தண்டனைவரை போகலாம். இங்கிலாந்தில் எல்லை மீறல் தன்னளவில் எதையும் குறைக்காது. 1999இல் நார்ஃபோக்கில் தன் பண்ணை வீட்டுக்குள் நுழைந்த 16 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற விவசாயிக்குக் கொலைக் குற்றத்துக்கான தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது அவருடைய மனநிலை பாதிப்பு காரணமாகத்தான்.

நிரூபிக்கும் பொறுப்பில் மட்டும் இங்கிலாந்து இந்தியாவைவிட முன்னே நிற்கிறது. தற்காப்பு என்று வாதம் எழுந்துவிட்டால், அது தற்காப்பு இல்லை என்பதை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். இந்தியாவில் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல். சாத்தியக்கூறு அவர் பக்கம் சாய்ந்தால் போதும் என்பதே ஆறுதல்.

வழக்கு எங்கே உடைகிறது

சட்டப் பிரிவைவிடத் தடயங்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. முதுகில் பாய்ந்த காயம், விழுந்த பிறகு விழுந்த அடி, கதவிலிருந்து தூரத்தில் கிடக்கும் உடல், கட்டிப்போட்ட பிறகு கூடி அடித்த தழும்புகள் ஆகியவை ஆபத்து முடிந்த பிறகும் தாக்குதல் தொடர்ந்ததைக் காட்டிவிடும். 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம், தாக்கப்படுபவர் தன் அடியைப் படிப்படியாக அளந்து கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. அந்தத் தளர்வு ஆபத்து நிலவும் நொடிகளுக்கு மட்டுமே. பிடிபட்ட திருடனை மின்கம்பத்தில் கட்டி அடிப்பது நான்கு சட்டங்களில் எதிலும் தற்காப்பு ஆகாது.

தற்காத்துக்கொண்டவர் மேல் உள்ள காயங்களை அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காயங்கள் எப்படி வந்தன என்று அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், அது வழக்கையே சாய்க்கக்கூடும். காவல்துறைக்கு முதல் அழைப்பு அவரிடமிருந்தே போவதும், எந்த நேரத்தில் போனது என்பதும் அதே அளவு கனமானவை. பலர் செய்யும் தவறு, "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்று முதலில் மறுத்துவிட்டு, சாட்சியம் இறுகிய பிறகு தற்காப்பு என்று திரும்புவது. சட்டம் அதைத் தடுக்கவில்லை; சாட்சியத்தில் தற்காப்பு தெரிந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்காவிட்டாலும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயந்துபோய்த்தான் அடித்தேன் என்பதை நம்ப வைக்க, முதல் வாக்குமூலத்திலேயே அந்தப் பயம் பதிவாகியிருந்தால்தான் வலு.