கேட் தேர்வுக்கு ஆறு வாரம்: புதிய பாடமா, மாக் தேர்வா, விரைவு வகுப்பா?

அக்டோபர் நடுவில் எழுதிய மாக் எனப்படும் மாதிரித் தேர்வின் முடிவைத் திறந்தால், எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் நமக்குக் கீழே என்று சொல்லும் பெர்சன்டைல் எண்பதை ஒட்டியே நிற்கிறது. ஐ.ஐ.எம்.களின் எம்.பி.ஏ. படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) நடக்கும் நவம்பர் கடைசி ஞாயிறு வர இன்னும் ஆறே வாரங்கள்தான் இருக்கின்றன. பகல் முழுவதும் அலுவலகம்; கல்லூரியில் படிப்பவர் என்றால் இடையில் செமஸ்டர் தேர்வும் உண்டு. கேட் எழுதும் மிகப் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், நானும் நின்றிருக்கிறேன். அப்போது மனத்தில் எழும் கேள்வி, விட்டுப்போன பாடங்களை முடிப்பதா, மாக் தேர்வுகளை அடுக்கடுக்காக எழுதுவதா, யாராவது நடத்தும் விரைவு வகுப்பில் சேர்ந்துவிடுவதா என்பதே. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் கேட்கிறது, அதற்கு ஈடாக எத்தனை மதிப்பெண் தருகிறது என்று வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது.

முதலில் கையிருப்பைக் கணக்கிட வேண்டும். வேலைக்குச் செல்பவர் வார நாளில் இரண்டு மணி நேரமும், சனி, ஞாயிறுகளில் ஐந்து ஐந்து மணி நேரமும் உண்மையாக உட்கார்ந்தால் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆறு வாரத்துக்கு 120 மணி நேரம். தூக்கத்தைக் குறைத்து இதை 200 ஆக்கிவிடலாம் என்று எண்ணுபவர்கள் மூன்றாம் வாரத்திலேயே தளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே 120 மணி நேரத்தை எதில் செலவிடுவது என்பதே இந்த ஒப்பீட்டின் அடிப்படை.

அடுத்து, தேர்வின் அமைப்பு. 2024ஆம் ஆண்டுத் தாளில் 68 வினாக்கள் இருந்தன: மொழிப் பகுதியான வி.ஏ.ஆர்.சி.யில் 24, டி.ஐ.எல்.ஆர். எனப்படும் தரவு, தர்க்கப் பகுதியில் 22, குவான்ட் எனப்படும் கணிதப் பகுதியில் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடங்கள். இந்த வரிசையிலேயே எழுத வேண்டும். ஒரு பகுதியில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், நான்கு தெரிவுகள் உள்ள வினாவில் தவறினால் 1 மதிப்பெண் குறையும், விடையைத் தட்டச்சு செய்யும் டிட்டா வினாக்களில் தவறினாலும் குறையாது. பெரும்பாலான ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியோ அதைவிடக் குறைவாகவோ எடுத்தவர்களே 99 பெர்சன்டைலைத் தொட்டிருக்கிறார்கள். எல்லா வினாக்களையும் செய்ய வேண்டிய தேர்வு இதுவன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

புதிய பாடங்களை முடிக்கும் வழி

மனத்துக்கு மிகவும் ஆறுதல் தரும் வழி இது. பாடப் பட்டியலில் ஒன்றை அடித்துவிடும்போது முன்னேறிய உணர்வு உடனே வந்துவிடுகிறது. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வரிசை மாற்றமும் சேர்க்கையும் என்ற பாடத்தை அடியிலிருந்து தொடங்கித் தேர்வில் துணிந்து கைவைக்கும் அளவுக்குக் கற்க, என் அனுபவத்தில், 15 மணி நேரம்கூடப் போதுவதில்லை. 22 கணித வினாக்களில் அந்தப் பாடத்திலிருந்து வருவது ஒன்றோ இரண்டோதான், அதுவும் எளிதாக வரும் என்ற உறுதி கிடையாது. கையிருப்பில் எட்டில் ஒரு பங்கைச் செலவழித்து, அதிகம் போனால் 6 மதிப்பெண்ணுக்கு ஆசைப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. விழுக்காடு, விகிதம், லாப நட்டம், கலவை, வேலையும் நேரமும், வேகமும் தொலைவும் ஆகியவை அடங்கிய அரித்மெட்டிக் பகுதி இன்னும் முடியவில்லை என்றால் அதை முடிப்பதே முதல் வேலை. குவான்ட்டில் மிகப் பெரிய பங்கு அதற்குத்தான், அடுத்த பங்கு அல்ஜீப்ராவுக்கு. தரவு அட்டவணைகளைப் படிக்கும் டி.ஐ.எல்.ஆர். செட்டுகளிலும், அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் வினாத் தொகுப்புகளிலும், அதே விழுக்காடும் விகிதமும்தான் வேலை செய்கின்றன. அரித்மெட்டிக் முடிந்தவர் ஆறு வாரம் இருக்கும்போது புதிய அத்தியாயம் எதையும் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மாக் தேர்வும் அதன் அலசலும்

மாக் எழுதுவது வேறு, மாக் எழுதி அலசுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் இருபது மாக் எழுதியும் அதே பெர்சன்டைலில் நிற்பவர்களைக் காண்கிறோம். ஒரு மாக் எழுத இரண்டு மணி நேரம் என்றால் அதை அலச நான்கு மணி நேரமாவது வேண்டும், அதாவது ஒன்றுக்கு ஆறு மணி நேரம். பத்து மாக் என்று வைத்தால் 60 மணி நேரம் போகும், மீதி 60 மணி நேரம் அலசலில் தெரியவந்த ஓட்டைகளை அடைப்பதற்கும் பழைய தாள்களுக்கும் கிடைக்கும்.

அலசல் என்றால் என்ன என்பதை ஒரு வினாவை எடுத்தே காட்டுகிறேன். ஒரு கடைக்காரர் குறித்த விலையில் 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்த பிறகும் 20 விழுக்காடு லாபம் பெறுகிறார் என்றால், குறித்த விலை அடக்க விலையைவிட எத்தனை விழுக்காடு கூடுதல்? அவசரத்தில் பலர் 40 என்று குறித்துவிடுகிறார்கள், தெரிவுகளில் 40 தயாராகவும் இருக்கும். அடக்க விலை 100 என்றால் விற்ற விலை 120. அந்த 120 என்பது குறித்த விலையின் 80 விழுக்காடு, ஆகவே குறித்த விலை 150, விடை 50. இதைத் தவறவிட்டவர் சரியான விடையைப் பார்த்து ‘கவனக் குறைவு’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிட்டால் எதுவும் மாறாது. தள்ளுபடிக்கு அடிப்படை குறித்த விலை, லாபத்துக்கு அடிப்படை அடக்க விலை, அடிப்படை வேறான இரண்டு விழுக்காடுகளை நான் கூட்டிவிட்டேன் என்று எழுதினால், கலவைக் கணக்கிலும் மக்கள்தொகைக் கணக்கிலும் தரவு வினாக்களான டி.ஐ.யில் ஆண்டு வளர்ச்சி கேட்கும் வினாவிலும் அதே பிழையை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

தவறான விடைகளைவிட முக்கியமானது நேரம் போன வழி. குறைமதிப்பெண்ணுக்குப் பலர் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை: நான்கில் ஒருமுறை 3 கிடைக்கும், மூன்று முறை 1 போகும். ஒரு தெரிவை உறுதியாக நீக்க முடிந்தாலே கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடுகிறது, இரண்டை நீக்கினால் ஒரு வினாவுக்குச் சராசரியாக 1 மதிப்பெண் சேரும். டிட்டா வினாவை வெறுமையாக விடுவதற்குக் காரணமே கிடையாது. ஆக, உண்மையான இழப்பு அந்த ஒரு மதிப்பெண் அன்று; அந்தத் தவறான விடையைத் தேடிச் சென்ற நான்கு நிமிடங்கள்தான். குவான்ட்டில் ஒரு வினாவுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம்கூட இல்லை.

16 வினாக்களைத் தொட்டு, 9 சரி, 7 தவறு என்று ஒருவர் முடிக்கிறார் என்று கொள்வோம். 27இல் 7 போக 20 மதிப்பெண். அந்த ஏழில் மூன்று வினாக்கள் ஒவ்வொன்றும் நான்கு நிமிடம் விழுங்கியிருக்கின்றன. தாளின் கடைசிப் பக்கங்களில் இரண்டு நிமிடத்தில் முடியக்கூடிய மூன்று வினாக்களை அவர் பார்க்கவே இல்லை. அந்த மூன்றைத் தொடாமல் விட்டு, இந்த மூன்றைச் செய்திருந்தால் 12 சரி, 4 தவறு, 32 மதிப்பெண். புதிதாக ஒரு சூத்திரம்கூடக் கற்காமல் கிடைத்த 12 மதிப்பெண் அது. ஆறு வாரத்தில் இவ்வளவு மலிவாக மதிப்பெண் தரும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதற்காக ஒவ்வொரு மாக் முடிந்ததும் வினாக்களை நான்கு வகையாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுத வேண்டும்: தெரியாதவை, தெரிந்தும் தவறியவை, சரியாகவே முடித்தாலும் நேரத்தை விழுங்கியவை, பார்க்காமலே விட்ட எளியவை. கடைசி இரண்டு பட்டியல்களும் மாக்குக்கு மாக் சுருங்குகின்றனவா என்பதே முன்னேற்றத்தின் அளவுகோல்; பெர்சன்டைல் அதற்குப் பின்னால் தானாக வரும்.

டி.ஐ.எல்.ஆருக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அங்கே பாடம் என்று ஒன்று கிடையாது. 2024இல் ஐந்து செட்டுகள் இருந்தன. முதல் ஐந்து நிமிடத்தில் ஐந்தையும் படித்துவிட்டு, நிபந்தனைகள் தெளிவாக இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுத்து முழுமையாக முடித்தவருக்கு எட்டு முதல் பத்து வினாக்கள் கையில் சேர்ந்துவிடும். முதல் செட்டிலேயே இறங்கி, 18 நிமிடம் போராடி, ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று அதை விட முடியாமல் தவித்தவருக்கு அந்தப் பகுதியே போய்விடும். ஐ.ஐ.எம்.கள் பகுதிவாரியாகவும் கட்-ஆஃப் வைப்பதால் மற்ற இரண்டில் எடுத்த மதிப்பெண் அதை ஈடுகட்டாது. விடுவதற்கான துணிவு பயிற்சியால்தான் வருகிறது.

பழைய தாளா, பயிற்சி நிறுவன மாக்கா?

இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு வேலைக்கு. நேரக் கட்டுப்பாட்டையும் தேர்வுக் கூடத்தின் பதற்றத்தையும் பழக நிறுவனங்களின் மாக் நல்லது. மொழிப் பகுதிக்கும் டி.ஐ.எல்.ஆருக்கும் பழைய கேட் தாள்களுக்கு நிகர் இல்லை. மொழிப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் ஆர்.சி. எனப்படும் நான்கு வாசிப்புப் பத்திகளிலிருந்தே 16 வினாக்கள் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு தெரிவுகள் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். ஒன்று பத்தி சொன்னதைச் சொல்லும், மற்றொன்று பத்தி சொன்னதைவிட ஒரு படி கூட்டிச் சொல்லும். ‘சில’ என்று ஆசிரியர் எழுதியதை ‘எல்லா’ என்று ஆக்கியிருக்கும். அந்த நுணுக்கத்தை அசல் தாள்களில்தான் பழக முடிகிறது. வாரத்துக்கு ஒரு பழைய தாளை எடுத்து, சரியான தெரிவு ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் எந்தச் சொல்லால் தவறாயின என்பதையும் அடிக்கோடிட்டுப் படித்தால் ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

விரைவு வகுப்பு

இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. முதல் முறை எழுதியபோது சென்னையில் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் போய்வரவே நாளுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். வகுப்பில் சொல்லித்தந்தவை பெரும்பாலும் குவான்ட் சூத்திரங்கள். என் குறை இருந்ததோ ஆர்.சி.யில். கற்பித்தவர் திறமையானவர்தான், ஆனால் அறுபது பேருக்குப் பொதுவாக நடத்தும் பாடத்தில் என் ஒருவனுடைய ஓட்டையை அவர் எப்படி அறிவார்? நான்கு வார இறுதிகள் போன பின்புதான், அந்த நேரத்தில் எட்டு மாக் எழுதி அலசியிருக்கலாம் என்பது உறைத்தது. அரித்மெட்டிக்கே ஆட்டம் காணும் நிலையில், தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமும் இல்லாதவருக்கு வகுப்பு ஒரு கட்டுப்பாட்டைத் தரும். அவருக்கு மட்டும் இணைய வழி வகுப்பைச் சொல்வேன். அடித்தளம் இருப்பவருக்கு அந்தப் பணத்தில் ஒரு நல்ல மாக் தொகுப்பே போதும்.

வேலையில் விடுப்பு எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு வாரம் மொத்தமாக எடுப்பதைவிட, ஆறு வாரத்திலும் வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் அது அதிகம் பயன்படும், மாக்கையும் அலசலையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

கேட்டை மட்டும் நம்பாத வழி

மதிப்பெண்ணைக் கூட்டும் வழி என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் ஒரே நாளின் மேல் ஓர் ஆண்டை வைக்கும் பாரத்தைக் குறைக்கிறது. ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிறை ஒட்டி வரும் எக்ஸாட், டிசம்பரில் வரும் ஸ்நாப், பல வாரங்கள் திறந்திருக்கும் என்மேட் ஆகிய மற்ற எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுகளில் பாடப் பரப்பு பெரும்பாலும் ஒன்றே. என்மேட்டில் குறைமதிப்பெண் இல்லை, மூன்று முறை வரை எழுதலாம். ஸ்நாப்பிலும் அண்மை ஆண்டுகளில் மூன்று முறை எழுதி, சிறந்த மதிப்பெண்ணைக் கொள்ளும் வசதி இருந்தது. எக்ஸாட்டில் மட்டும் முடிவெடுத்தல் என்ற தனிப் பகுதி உண்டு, அதற்குக் கேட் முடிந்தபின் டிசம்பரில் நான்கு வாரம் கிடைக்கும். விண்ணப்பிக்கும் கடைசி நாள்களைத் தவறவிடாமல் இருப்பது மட்டுமே இப்போதைய வேலை. கேட்டுக்கு முன் இவற்றுக்கெனத் தனியாக மாக் எழுதுவது 120 மணி நேரத்தைச் சிதறடிக்கும்.

ஆகவே அரித்மெட்டிக் முடிந்து எண்பதுகளில் நிற்பவருக்கு நான் சொல்வது, வாரத்துக்கு இரண்டு மாக், ஒரு பழைய தாள், அலசல் நோட்டு என்பதே. ஐம்பது, அறுபதில் நிற்பவர் முதல் மூன்று வாரத்தை அரித்மெட்டிக்குக்கும் தினம் இரண்டு ஆர்.சி. பத்திகளுக்கும் கொடுத்து, வாரத்துக்கு ஒரு மாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். அவருக்குப் பத்து மாக் இப்போது பத்து முறை மனம் உடைவதில்தான் முடியும். அனுமதிச் சீட்டில் ஸ்லாட் எனப்படும் தேர்வு வேளை எது என்று தெரிந்த நாளிலிருந்து மாக்கையும் அதே நேரத்தில் எழுத வேண்டும். மாலை ஸ்லாட் கிடைத்தவர் காலையில் எழுதிப் பழகினால் நான்கரை மணிக்கு மூளை ஒத்துழைக்காது. கடைசி மாக் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு. அதன்பின் புதிய வினா ஒன்றுகூட வேண்டாம். நோட்டில் ‘பார்க்காமலே விட்ட எளியவை’ என்ற பக்கத்தைத் திறந்து, அங்கிருக்கும் வினாக்களை ஒவ்வொன்றாக இன்னொரு முறை செய்து பார்த்தால் போதும்.