மணலில் புதைந்தால்: பலகையா, பட்டையா, வின்ச்சா?

ஜூன் விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையில் எங்கள் கூட்டத்துக்கு ஒரே பேச்சுதான்: ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் பறந்து மணலில் ஓட்டலாமா? பயணம் ஐந்து மணி நேரம், சாலையும் நம்மூர் மாதிரி இடதுபக்கம். இந்த முறை பேச்சு அந்நாட்டின் நடுவிலுள்ள சிம்ப்சன் பாலைவனம் வரை போய்விட்டது. காடி புதைந்தால் பலகை, பட்டை, வின்ச் மூன்றில் எதை வைத்து மீட்பது என்பதில்தான் சண்டை.

மூன்றுக்கும் முந்தியது காற்று. போன வருடம் பெர்த்துக்கு வடக்கே லான்சலின் மணல்மேட்டில் மாமாவின் காடியைப் புதைத்துவிட்டு இருபது நிமிடம் தோண்டினேன். அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் டயரைப் பார்த்தார், பேசவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாவி நுனியால் வால்வை அழுத்தினார். உஸ்ஸ்... தார்ச்சாலைக்கு அடித்திருந்த 36 பிஎஸ்ஐ 16க்கு இறங்கியதும் காடி தானாக வெளியே வந்தது. காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணலை மிதிக்கும். நிறைந்திருந்தால் வெட்டி இறங்கும். குறைத்தபின் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்ப கம்ப்ரசர் வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் என் ஓட்டு பலகைக்கு, அதாவது டயருக்குப் பிடி கொடுக்கும் பல் வைத்த நைலான் பலகைக்கு. 2005இல் பிரிஸ்பேனில் பிறந்த மேக்ஸ்ட்ராக்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. டயருக்கு முன்னால் மணலைச் சரிவாக வாரி, பலகையை டயருக்கு அடியில் நன்றாகச் செருகி, மெதுவாக மிதிக்க வேண்டும். பதறி மிதித்தால் சக்கரம் வெறுமனே சுழன்று பலகையின் பற்களை உருக்கிவிடும். நைலான் கருகும் நாற்றம் வந்தால் காசு போச்சு என்று அர்த்தம். வெளியே வந்த காடியைக் கெட்டித் தரையில்தான் நிறுத்த முடியும், அதனால் பலகையை எடுக்க வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். மணலுக்குள் போனதைத் தேடாமலிருக்க நுனியில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். ஆனால் இன்னொரு காடியின் துணை தேவையில்லை. எனக்கு அது போதும்.

இரண்டு காடிகளை இணைத்து இழுக்கும் ஸ்னாட்ச் பட்டை கதையே வேறு. சுமார் இருபது விழுக்காடு நீளும். முன்காடி ஓடி இழுக்கும்போது ரப்பர்போலச் சக்தியைச் சேர்த்து ஒரே வெட்டில் பிடுங்கும். ஒரு நிமிட வேலை. ஆபத்தும் அந்த ஒரு நிமிடத்தில்தான். டிரெய்லர் கோர்க்கும் உருண்டையில் பட்டையை மாட்டினால், உருண்டை ஒடிந்து பீரங்கிக் குண்டாகப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர் போயிருக்கிறது. மாட்ட வேண்டியது சுமை அளவு குறித்த மீட்புக் கொக்கியில். பல வாடகைக் காடிகளில் முன்னால் தெரியும் கொக்கி கப்பலில் ஏற்றும்போது கட்டிவைப்பதற்கு மட்டும்தான். பட்டையின் தாங்குதிறனும் இரண்டில் இலேசான காடியின் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்க வேண்டும். இரண்டு காடி, ஒத்திகை பார்த்த ஓட்டுநர்கள், தள்ளி நிற்கும் பயணிகள்: இவை இருந்தால் பட்டைதான் ராஜா.

வின்ச்? காடியில் பொருத்திய மோட்டார் வடத்தைச் சுருட்டிக் காடியை இழுக்கும். ஜொகூர்க் காட்டுச் சேற்றுக்கு அருமை, கட்ட மரம் இருக்கிறது. மணல்மேட்டில் எதில் கட்டுவது? ஸ்பேர் டயரை ஆழப் புதைத்து அதில் மாட்டலாம், வெயிலில் அந்தக் குழியை யார் வெட்டுவது?

சிம்ப்சன் பற்றி இரண்டு விஷயம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். உச்சியில் எதிரே வரும் காடி தெரியாது என்பதால் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் கொடி கட்ட வேண்டும். தென் ஆஸ்திரேலியப் பகுதியை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெப்பத்துக்காக மூடிவிடுவார்கள். நம் டிசம்பர் பள்ளி விடுமுறை அதில் அடிபட்டுப் போகிறது, ஜூன்தான் கதி. வாடகை ஒப்பந்தத்தில் மணல்மேட்டுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீறினால் காப்புறுதி கிடையாது என்பது பல ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

கைப்பேசி அங்கே டார்ச்தான். செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவை அழைக்கும் அபாய பீக்கனை அழுத்தினால் உயிருக்கு ஆபத்து என்றே எடுத்துக்கொள்வார்கள். வெறும் புதைவுக்கு இருவழி செயற்கைக்கோள் செய்திக் கருவி மேல், ‘ஒரு பட்டையோடு வாங்க’ என்று கேட்கலாம்.

எங்கள் பட்டியலில் இப்போது இரண்டு ஜோடிப் பலகை, ஒரு நீளக்கைப்பிடி மண்வெட்டி, காற்றழுத்தமானி, ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். வின்ச் கட்சிக்காரரிடம் குழி வெட்ட இரண்டாவது மண்வெட்டியை அவரே தூக்கி வரச் சொல்லியிருக்கிறோம்.