சிட்ரேட் வெள்ளிக் கூழ்மம்: எந்தச் சாயத்தைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்

கழிவுநீரில் சாயம் தேடுவதற்கு ஆயத்தமாக பாட்டிலில் கிடைக்கும் சிட்ரேட் வெள்ளி நானோ கூழ்மத்தை (சிட்ரேட் போர்த்திய நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர்) 785 நானோமீட்டர் லேசர் உள்ள கையடக்க ராமன் கருவியோடு சேர்த்துப் பார்த்த மதிப்பீடு இது. லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காண்பது ராமன் கருவி; வெள்ளித் துகளில் ஒட்டிய சாயத்தின் குறிகை பலமடங்கு பெருகும்.

மாலகைட் பச்சை, கிரிஸ்டல் வயலெட், மெத்திலீன் நீலம் ஆகியவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். மூன்றும் நேர்மின் சாயங்கள். சிட்ரேட் போர்த்திய வெள்ளித் துகளோ எதிர்மின்னூட்டம் கொண்டது. சாயம் தானாகவே போய் ஒட்டிக்கொள்வதால், கண்ணுக்கு நிறமே தெரியாத நீரிலும் ராமன் நிறமாலையில் மாலகைட் பச்சையின் அடையாளமான 1618 செ.மீ⁻¹ முகடு எழும்பி நிற்கும்.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள், காங்கோ சிவப்பு, மெத்தில் ஆரஞ்சு ஆகியவற்றில் கதை வேறு. சல்போனேட் தொகுதியால் இவையும் எதிர்மின்னூட்டம் பெற்றவை. துகள் இவற்றைத் தள்ளிவிடும். முகடு வரவில்லை என்பதற்காகச் சாயம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பாட்டில் உறையிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய எச்சரிக்கை இது. இத்தகைய சாயங்களுக்கு நேர்மின் பூச்சுள்ள வெள்ளித் துகளைத் தேடி வாங்குங்கள்.

அடுத்த வில்லங்கம் உப்பு. 900 மைக்ரோலிட்டர் கூழ்மம், 100 மைக்ரோலிட்டர் மாதிரி, 10 மைக்ரோலிட்டர் 1 மோலார் சோடியம் குளோரைடு என்று தொடங்கலாம். துகள்கள் ஓரளவு திரண்டால்தான் குறிகை பெருகும். சாயப்பட்டறை நீரில் ஏற்கெனவே உப்பு மிகுதி என்பதால், அதைப் பத்து மடங்கு நீர்த்து, கூடுதல் உப்பே சேர்க்காமல் முதலில் பாருங்கள். மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் பச்சைச் சாம்பலாக மாறினால் சரி. கருமையாக அடியில் படிந்தால் அந்த அளவீடு வீண். கலந்தபின் எத்தனை நிமிடத்தில் அளப்பது என்பதை எல்லா மாதிரிக்கும் ஒன்றாகவே வையுங்கள்.

வடிகட்டியைத் தவிர்ப்பது நல்லது. செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வு நேர்மின் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த நீரை எடுத்தால் போதும்.

பாட்டிலைத் திறந்ததும் ஒரு துளியை நீர்த்து, எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி–விசிபிள் கருவியில் பாருங்கள். 420 நானோமீட்டர் அருகே ஒற்றை முகடு வேண்டும். 600 பக்கமாக வால் நீண்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். இருட்டில், 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைந்தால் கூழ்மம் கெட்டுவிடும்.

லீ, மைசல் என்ற வேதியியலாளர்கள் 1982இல் தந்த முறையில் இந்தக் கூழ்மத்தை நாமே காய்ச்சலாம்: 500 மில்லிலிட்டர் கொதிநீரில் 90 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட், பிறகு 1 சதவீத சிட்ரேட் கரைசல் 10 மில்லிலிட்டர், ஒரு மணிநேரக் கொதிப்பு. ஆனால் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் துகளின் அளவு மாறும். ஆயத்த பாட்டிலுக்குச் செலவழிப்பது அதற்காகத்தான்.

சாயம் எவ்வளவு என்று சொல்ல வேண்டுமென்றால், தூய நீரில் தெரிந்த அளவுச் சாயங்களை அளந்து வரைந்த நேர்கோட்டை நம்பாதீர்கள். சோப்பும் கரிமக் கழிவும் வெள்ளியின் பரப்பில் இடம்பிடித்துக் குறிகையை அமுக்கிவிடும். அதே கழிவுநீரிலேயே தெரிந்த அளவு சாயத்தைப் படிப்படியாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.